தவணை

சுபஹு பாங்கு முடிவதற்குள் குறிஞ்சாக்கேணியில் சில வீடுகளின் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். நான் போய் நின்ற வீட்டில் அடுப்புக்கு முன்னால் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. நேரில் ராத்தா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "பேரைப் போட்டா இன்னும் நாலு பேர் கடனுக்குச் சாப்பிட வந்துருவாங்க தம்பி" என்று சிரித்தார். சிரித்தாலும் கை நிற்கவில்லை. மாவுருண்டை உரலுக்குள் போகிறது. தட்டில் நூல் நூலாக வட்டம் விழுகிறது. ஓர் அடுக்கு வெந்து இறங்குவதற்குள் அடுத்த அடுக்கு பிழிந்து முடிந்திருக்கிறது.

அடுப்படிச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் சணல் கயிறு கட்டிய ஒரு சீ.ஆர். கொப்பி. எண்ணெய்க் கையும் மாவுக் கையும் பட்டுப் பட்டு அட்டை அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. ராத்தாவின் தொழிலுக்கான முழுக் கணக்கும் அதற்குள் இருக்கிறது. அனுமதி கேட்டுப் புரட்டினேன். ஆளுக்கொரு பக்கம், ஆனால் பக்கத்தின் தலையில் பெயர் இல்லை. 'சந்தி ஆட்டோத் தம்பி', 'சயன்ஸ் டீச்சர்', 'மீன்கார நானா', 'வெள்ளை மதில் மாமி', 'புது மருமகள்' என்றுதான் இருந்தன. பெயர் தெரியாமல் இல்லை, பெயரைவிட இது சீக்கிரம் ஞாபகத்துக்கு வரும் என்றார்.

ஐந்தாறு பக்கங்கள் மட்டும் நடுவில் மடிக்கப்பட்டிருந்தன. கிழிக்கவும் இல்லை, வெட்டிக் கோடு போடவும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது இப்பத்தைக்குக் குடுக்க ஏலாத ஆக்கள்ட பக்கம். கொப்பியத் தொறக்குற நேரம் கண்ணுல பட்டா, கேளு கேளெண்டு மனசு சொல்லும். அதான் மடிச்சு வெச்சிருக்கன்."

"அவங்க எப்ப தருவாங்க?"

"அவங்களே வந்து தரக்குள்ள விரிப்பன்."

கடனைத் தள்ளுபடி செய்யவில்லை, கேட்கவும் இல்லை. நம் ஊர்ப் பேச்சில் இதற்குத் தவணை என்று பெயர். இலங்கையில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். பள்ளிக்கூடத்தில் ஆண்டு மூன்று தவணையாகப் போகும். நீதிமன்றத்தில் வழக்கைத் தள்ளிவைத்தால் தவணை. சாமான் கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் மாதத் தவணை. ராத்தாவின் கொப்பியில் நான் கண்டது இந்த மூன்றிலும் சேராத நாலாவது தவணை. சுயதொழிலைப் பற்றி எழுதப்போன நான் அந்த மடித்த பக்கங்களைச் சுற்றியே யோசித்துக்கொண்டு திரும்பினேன்.

●

திருகோணமலை நகரிலிருந்து சீனன்குடா வழியாக பஸ் ஏறிப் போனால், கடல் நீர் உள்ளே நுழையும் வாயைக் கிண்ணியாப் பாலம் கடந்துவிடுகிறது. 396 மீற்றர் நீளம். சவூதி அரேபிய நிதியுதவியில் கட்டி 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறந்தார்கள். அதற்கு முன்னால் எல்லாருக்கும் 'பாதை'தான். வேறு ஊர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி மறுகரை சேர்க்கும் மிதவைக்குப் பாதை என்று பெயர். 'பாதை போயிட்டு' என்றால் வழி தொலைந்துபோயிற்று என்று அர்த்தமில்லை. அடுத்த பாதை வரும்வரை துறையடியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி நின்றவர்களை நம்பித்தான் அங்கே தேத்தண்ணிக்காரரும் கச்சான்காரரும் பிழைத்தார்கள். பாலம் வந்த அன்று ஊர் கொண்டாடியது. துறையடி வியாபாரிகளும் கொண்டாடியிருப்பார்கள், அவர்களுக்கும் நோயாளி உண்டு, பிள்ளை உண்டு. ஆனால் மறுநாள் காலையில் நிற்பதற்கு ஆளில்லை. சுயதொழில் செய்பவரின் வாழ்க்கையில் நல்ல செய்தியும் இப்படி நட்டமாக வந்து சேரும்.

கிண்ணியா நகரை ஒட்டி, நீரோடைக்கு அப்பால் இருக்கிறது குறிஞ்சாக்கேணி. பெயரைப் பிரித்தால் குறிஞ்சாவும் கேணியும். குறிஞ்சா கைக்கும் கொடி. இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் சீனி வருத்தக்காரர் விரும்பிச் சாப்பிடுவார்கள். ஊருக்குள் கடற்றொழில் உண்டு, வயல் உண்டு, மாட்டுப் பட்டி உண்டு. எருமைத் தயிர் சட்டி சட்டியாக வீதியோரம் அடுக்கியிருக்கும். மண்சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால், தயிர் கத்தியால் வெட்டி எடுக்கிற பதத்துக்கு இறுகிவிடும். கிழக்கில் தயிர்ச்சட்டி இல்லாமல் கல்யாணச் சாப்பாடு கிடையாது. மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே வருவது பட்டிக்காரர்களின் தீராத முறைப்பாடு. வயல் விதைத்தால் மாடுகளைக் காட்டுப் பக்கம் ஓட்ட வேண்டும். காட்டுப் பக்கம் போனால் அது வேறொரு திணைக்களத்தின் காணி.

நகரையும் குறிஞ்சாக்கேணியையும் இணைத்த பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டும் வேலை தொடங்கி, இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த இடைவெளியில் மறுபடி ஒரு பாதை ஓடியது. 2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் கட்டம் கட்டமாகத் திறந்துகொண்டிருந்தன. பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிய பாதை நடுவில் கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு உயிர்கள் போயின. பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பிறகு எண்ணிக்கை இன்னும் கூடியது.

அந்தத் துயரத்தைச் சுயதொழில் கட்டுரைக்குள் கொண்டுவரலாமா என்று தயங்கினேன். ஆனால் அதைச் சொல்லாமல் இந்த ஊரில் 'சொந்தக் காலில் நில்லுங்கள்' என்று யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. பாலம் இல்லாத இடத்தில் பாதை ஒரு தொழிலாக முளைக்கும். வைத்தியசாலை தூரமாக இருந்தால் ஆட்டோ ஒரு தொழிலாக முளைக்கும். வேலை இல்லாத வீட்டில் இடியப்பம் முளைக்கும். அரசு செய்யாமல் விட்ட இடத்தை ஆட்கள் தங்கள் முதுகால் அடைத்துக்கொள்வதைப் பார்த்து, தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று மேடையில் கைதட்டுகிறோம். தன்னம்பிக்கை மெய்தான். அதன் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதும் மெய்.

●

இந்தக் கடலோரத்தில் பிடிபட்டு, சுயதொழில் செய்து பிழைத்த ஒருவரைப் பற்றி விரிவான எழுத்துச் சான்று இருக்கிறது. ஆள் வெள்ளைக்காரர், கைதி வேறு. 1659இல் மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்க்கக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கிண்ணியாவும் மூதூரும் பார்த்துக்கொண்டிருக்கும் அதே குடா. கரையிறங்கியவர்களை 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் கப்பல் தலைவரும் அவருடைய பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்ஸும் இருந்தார்கள். தகப்பன் அங்கேயே இறந்துபோனார். மகன் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்து, 1679இல் தப்பி அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் வந்த அவருடைய நூல் இலங்கைச் சரித்திரம் படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

சரித்திரக்காரர்கள் அதில் அரசனையும் குடிகளையும் தேடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது நொக்ஸின் வியாபாரப் பகுதி. கைதிகளுக்குச் சாப்பாடு போடுவது கிராமத்தவர் கடமை. சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே தாருங்கள் என்று கேட்டு, அதில் மிச்சம் பிடித்து விற்கத் தொடங்கினார்கள். அந்தக் காசுக்கு நூல் வாங்கித் தொப்பி பின்னி விற்றார்கள். முதலில் நல்ல விலை. பிறகு எல்லாரும் தொப்பி பின்னத் தொடங்கவே விலை விழுந்தது. (தையல் வகுப்பு முடித்த நாற்பது பெண்களும் ஒரே தெருவில் ஒரே மாதிரிச் சட்டை தைக்கும் நிலை முன்னூற்றைம்பது வருடத்துக்கு முந்தியே வந்துவிட்டது.) தொப்பி படுத்ததும் நொக்ஸ் நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார். அந்த நாட்டு வழக்கப்படி வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது. அதுவும் வசூலிக்கக் கஷ்டமாக இருக்கவே, தோளில் மூட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பெட்டி வியாபாரம். கூட்டாளி ஸ்டீபன் ரட்லண்ட். விற்றது கத்தி, சீப்பு மாதிரியான சில்லறைச் சாமான். பொறுக்கி எடுத்தது வழி பற்றிய அறிவு. எந்த ஊருக்கு அப்பால் எந்தக் காடு, எங்கே காவல், எந்த ஆறு மேற்கே போகிறது என்பதை வியாபாரி கேட்டால் சொல்வார்கள், கைதி கேட்டால் சொல்ல மாட்டார்கள். அந்த அறிவைக் கொண்டுதான் தப்பினார்கள்.

முன்னேற்றக் கதையாக இதைச் சொல்வது சுலபம். கைதி, தொப்பி, வட்டி, வியாபாரம், விடுதலை என்று படிப்படியாக ஏற்றிவிடலாம். ஆனால் முதல் படி அந்தக் கிராமத்தவர்கள் தங்கள் வீட்டு உலையிலிருந்து அளந்து கொடுத்த அரிசி. அந்த அரிசியில் மிச்சம் பிடித்தவர், பின்னால் அந்த நாட்டுக் கிராமத்தாருக்கு நெல்லை ஐம்பது வட்டிக்குக் கொடுத்தார். நொக்ஸை நான் குறை சொல்லவில்லை, ஊர் வழக்கம் அது. ஆனாலும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டியிருந்தது.

●

தங்கள் வீட்டு அலுமாரியில் வாப்பா காலத்து எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் நூல்கள் இருக்கும் என்று எத்தனையோ கிண்ணியாக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொண்டியில் பிறந்து சென்னையில் நூல் வெளியிட்ட அவர், தமிழில் முன்னேற்ற நூலுக்கென்று ஒரு வாசகர் கூட்டத்தை உண்டாக்கியவர். 'வாழ்வது ஒரு கலை', 'கவலைப்படாதே' போன்ற தலைப்புகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மதம் பார்க்காமல் கைமாறின. அவருக்குப் பிறகு எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறையை உசுப்பியது. இந்த நூல்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு இல்லை. வேலையில்லாத இருபத்திரண்டு வயதில் ஒரு புத்தகம், உன்னால் முடியும் என்று சொன்னால், அதைச் சொல்ல வேறு யாரும் இல்லாத வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்த வகை நூலுக்கெல்லாம் மூத்த பாட்டனாகிய சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்' பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். 1859இல் அச்சானது. சுய உதவி என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது அந்தப் புத்தகம். அதன் மூலம் 1845 வாக்கில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஸ்மைல்ஸ் செய்த பேச்சுகள். கேட்டவர்கள் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள். மாலையில் கூடி, தெரிந்தவன் தெரியாதவனுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க அவர்களே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கூட்டம் பெருத்து நூறு பேர் அளவுக்கு ஆனதும், முன்பு வாந்திபேதி நோயாளிகளை வைத்திருந்த ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள், வேறு யாரும் அதை எடுக்கத் துணியாததால் மலிவாகக் கிடைத்தது. 'சுய' உதவி நூல் அந்தப் பரஸ்பர உதவிக் கூடத்தில் உருவானது. தலைப்பு மட்டும் ஒற்றை ஆளுடையதாகிவிட்டது.

சுயதொழில் என்ற நம் சொல்லுக்கும் அதே கதிதான். ராத்தாவின் தொழிலில் எவ்வளவு 'சுய' இருக்கிறது? அரிசிமா அரைக்கும் ஆலைக்காரர் வாரக் கடைசியில் காசு வாங்குகிறார். தேங்காய் அடுத்த வீட்டு வளவிலிருந்து. விற்கக் கொண்டுபோவது தங்கச்சியின் மகன். பிழியும் கை மட்டும் ராத்தாவுடையது.

●

சுயதொழிலுக்கென்று பெண்கள் எடுக்கும் கடனையும் பார்க்க வேண்டும். 2018 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் கடன் விவகார நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். நுண்கடன் நிறுவனங்கள் சிலவற்றின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போகிறது என்று சொன்னார். பெண்களிடம் வசூலுக்குப் போகிறவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் சொன்னார். அதே ஆண்டு அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நொக்ஸின் ஐம்பது நினைவிருக்கிறதா? மூன்றரை நூற்றாண்டில் நாம் கண்ட வளர்ச்சி இந்த 220.

நுண்கடன் என்ற யோசனையின் தொடக்கம் கெட்டதில்லை. 1976இல் வங்காள தேசத்தின் ஜொப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் 42 பேருக்குக் கொடுத்தது மொத்தமாக 27 டொலர். மூங்கில் முக்காலி பின்னும் பெண்களைத் தரகரிடமிருந்து விடுவிக்க அது போதுமாக இருந்தது. ஐந்து பேர் ஒரு குழு, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்ற ஏற்பாடு அங்கிருந்து வந்ததுதான். எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பொறுப்பு முகத்தை மாற்றிக்கொண்டது. கிழமைக்கொரு நாள் குழுக்களின் கூட்டம், சென்டர் என்பார்கள். ஒருத்திக்குக் கட்ட முடியாவிட்டால் மற்றவர்களை எழும்பவிட மாட்டார்கள். பிள்ளை பள்ளியால் வந்திருக்கும், உலை வைக்க வேண்டும், வெயில் ஏறும். கட்டாதவளை லோன்காரன் திட்ட வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவளே திட்டிவிடுவாள். அயலவர் அன்பையே வசூல் கருவியாக்கிய சாமர்த்தியத்தை என்ன சொல்வது! மறுநாள் குழாயடியில் அந்த இரண்டு பெண்களும் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். வட்டியைக் கணக்கிடலாம், இந்த முறிவை எந்த அறிக்கையும் கணக்கிட்டதில்லை.

அதே பெண்கள் சீட்டும் பிடிக்கிறார்கள். இங்கே ஏலம் கூறிக் கழிவு எடுக்கும் சீட்டு குறைவு. கழிவு வட்டி மாதிரி இருக்கிறது என்று மார்க்கம் பார்ப்பவர்கள் ஒதுங்குவார்கள். குலுக்கல்தான். பத்துப் பேர், ஆளுக்கு ஆயிரம் என்றால் மாதம் ஒருத்திக்குப் பத்தாயிரம். கணக்குப் பார்த்தால் யாருக்கும் ஒரு சதம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் குலுக்கிப் பெயர் விழுந்த பிறகு ஒரு பேச்சு நடக்கும், அதை நான் திண்ணையில் இருந்து கேட்டேன். பெயர் விழுந்தது ஒருத்திக்கு. மற்றொருத்தி வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை; மகளுக்கு ஒப்பரேஷன் திகதி வந்திருக்கிறது என்று பொதுவாகச் சொன்னாள். பெயர் விழுந்தவள் கொஞ்ச நேரம் முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"சரி, நீ எடு. எனக்கு மூணாம் மாசம் தா."

நன்றி என்று யாரும் சொல்லவில்லை. பேச்சு நோன்புப் பெருநாள் சட்டைத் துணிக்குப் போய்விட்டது. கையில் வந்த பத்தாயிரத்தை அவள் மூன்று மாதம் தள்ளிப்போட்டாள். அவளுக்கும் ஏதோ ஒரு திட்டம் இருந்திருக்கும். தையல் மெஷினுக்கு மோட்டர் போட நினைத்திருக்கலாம், கூரைக்குத் தகரம் வாங்க நினைத்திருக்கலாம்.

வெளிநாட்டுக்குப் போனால் இதைவிட வேகமாகச் சம்பாதிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குடாவின் அக்கரையில் மூதூர். அங்கிருந்து 2005இல் வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டோடு வீட்டுப் பணிக்குப் போன ரிசானா நபீக்கின் தலை 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் வெட்டப்பட்டது. அதற்குப் பிறகும் பெண்கள் போகிறார்கள், போகத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு தாய் இடியப்பத்தில் கிடைப்பது போதும் மகளே என்று சொன்னால், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

●

2022 நெருக்கடியைப் பற்றிப் பேசாமல் ராத்தாவின் கொப்பியை வாசிக்க முடியாது. 2021 ஒக்டோபருக்கு முன்னால் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. அந்த விலைக்கும் வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்த நாட்கள் அதிகம். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87இலிருந்து ஒரே தாவலில் 340. வள்ளம் வைத்திருப்பவர்கள் கரையிலேயே இருந்துவிட்டார்கள். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். 'மீன்கார நானா'வின் பக்கம் அந்த ஆகஸ்டில்தான் மடிக்கப்பட்டது.

"கடலுக்குப் போகாட்டி மனுசனுக்குச் சல்லி ஏது? புள்ளைக்குப் பத்து இடியப்பம் குடுக்காம இருக்கலாமா?"

அந்த வருடம் ராத்தா சிலிண்டரை மூலையில் தள்ளிவிட்டு விறகுக்குத் திரும்பினார். கண் எரிச்சல், இருமல். இடியப்பத்தில் புகை வாசம் வந்தது; யாரும் குறை சொல்லவில்லை என்றார். குறை சொல்ல வேறு கடையும் இருக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நானாவின் பக்கம் இப்போது விரிந்திருக்கிறது. திரும்பக் கடலுக்குப் போகத் தொடங்கியதும் அவர் காசாகத் தரவில்லை. ஒரு நாள் சூடை, ஒரு நாள் கீளி, ஒரு நாள் இறால். ராத்தா ஒவ்வொன்றையும் அன்றைய சந்தை விலை போட்டுக் கழித்திருக்கிறார். 'கீளி 1 கிலோ' என்று எழுதி எதிரே ரூபாய். மடித்து வைக்கிற இரக்கமும் கிலோ பார்த்துக் கழிக்கிற கறாரும் ஒரே கையெழுத்தில் இருந்தன. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நல்லவர் என்றால் கணக்குப் பார்க்க மாட்டார் என்று நாம் ஒரு நினைப்பை வளர்த்து வைத்திருக்கிறோம் அல்லவா?

பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. குர்ஆனின் இரண்டாவது அத்தியாயத்தில் 280ஆம் வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டு வசனம் தள்ளி 282. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? கடனை எழுதி வைப்பது பற்றி. சிறிதோ பெரிதோ, சலிக்காமல் எழுது, சாட்சி வை, எழுதத் தெரிந்தவன் மறுக்கக் கூடாது என்று விலாவாரியாகப் போகிறது. அவகாசம் கொடு என்று முதலில் சொல்லிவிட்டு, எழுதி வை என்று அதைவிட நீளமாகச் சொல்லியிருக்கிறது.

எழுதினால்தானே எவ்வளவு பொறுத்தோம் என்று தெரியும். எழுதாமல் கொடுப்பவர் ஒரு நாள் கோபப்படுவார், அந்தக் கோபத்துக்குக் கணக்கு இராது. கடன் கொடுத்துக் கொடுத்தே மூடிய சில்லறைக் கடைகள் எத்தனை! முதலாளி நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும். அவருக்குள் ஊரின் மேல் தீராத மனத்தாங்கல் இருக்கும்.

●

ராத்தாவின் கணக்கில் ஓர் ஓட்டை இருந்ததையும் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தது நான் இல்லை, அவருடைய மகள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்த பிள்ளை. மா, தேங்காய், உப்பு, விறகு, கொண்டுபோகும் தங்கச்சி மகனுக்குக் கொடுப்பது எல்லாம் எழுதியிருக்கிறது, உம்மாவின் கூலி எங்கே என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்கு எதுக்குக் கூலி? என்ட வீடுதானே."

"அப்ப நீங்க வருத்தம் எண்டு படுத்தா, வேற ஆள் வெச்சுப் பிழிஞ்சா, கூலி இல்லாம வருவாங்களா?"

இரண்டு நாள் உம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லையாம். மூன்றாம் நாள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மகள் தலைப்புப் போட்டாள்: 'உம்மா'. ஒவ்வொரு நாளும் ஒரு தொகை. கையில் எடுப்பதில்லை, எழுதி மட்டும் வைப்பது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோதுதான் ராத்தாவுக்குத் தெரிந்தது, இத்தனை வருடமாக இலாபம் என்று நினைத்தது தன் கூலியிலும் பாதி என்று. விலையைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஆட்டோத் தம்பி என்ன சொல்வான், டீச்சர் வேறு இடம் போய்விடுவாரோ? ஒரு கிழமை தூக்கமில்லை. பிறகு ஒரு நாள், வாசலில் வந்து நின்ற முதல் ஆளிடம், கண்ணைப் பார்க்காமல், மா விலை கூடிப்போச்சு என்று சொல்லி, புது விலையைச் சொல்லிவிட்டார்.

"மா விலை அண்டைக்குக் கூடல்ல தம்பி," என்றார் என்னிடம். "என்ட விலை எண்டு சொல்ல வாய் வரல்ல."

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷி தன் உழைப்புக்கு விலை சொல்லப் பழகுகிறார், அதையும் மாவின் தலையில் போட்டுத்தான் சொல்ல முடிந்திருக்கிறது. ஆளுமை வளர்ச்சி என்று மண்டபம் பிடித்து, நாள் முழுக்க வகுப்பு எடுக்கிறவர்களிடம் இந்தக் காட்சியைக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஆட்டோத் தம்பி ஒன்றும் சொல்லவில்லையாம். டீச்சர் மட்டும், நீங்கள் இதை எப்பவோ செய்திருக்க வேணும் என்று சொன்னாராம்.

'உம்மா' பக்கமும் இப்போது மடித்துத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்தேன், அவரும் சிரித்தார். வீடு அவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது.

எட்டரைக்கு அடுப்பு அணைந்தது. இடியப்பம், சம்பல், கொஞ்சம் சொதி என்று எனக்கும் ஒரு பொதி கட்டிக் கையில் கொடுத்தார். காசு எடுத்தேன். என்னிடம் ஐயாயிரம் ரூபாய்த் தாள் மட்டும்தான் இருந்தது. அவரிடம் மாற்றில்லை. சந்திக் கடையில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"பஸ் போயிரும். அடுத்த முறை வரக்குள்ள தாங்க."

"நான் எப்ப வருவனோ ராத்தா."

அதற்குள் அவர் எழும்பிப் போய் ஆணியிலிருந்து கொப்பியை எடுத்துவிட்டார். பேனை எழுதவில்லை, இரண்டு தரம் உதறினார். புதுப் பக்கம் ஒன்றின் தலையில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'கேள்வி கேக்குற தம்பி – 150.'

பக்கத்தை மடிக்கவில்லை.